புகார் ஆணையத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்: உள்துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

ஐயா அல்லது அம்மா,

காவல்துறை மீது பொதுமக்கள் கொடுக்கும் புகாரை விசாரிக்கும் மாநில ஆணையத்துக்குத் தலைவர் நீங்கள். உறுப்பினர்கள் டிஜிபியும் சட்டம் ஒழுங்கு கூடுதல் டிஜிபியும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல்துறை சீர்திருத்தச் சட்டம் இப்படித்தான் வகுத்தது. 2019இல் வந்த அரசு அறிவிப்பு அதை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த ஏற்பாட்டை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ் மனு நாள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், பாதைத் தகராறு என்று எல்லாம் எழுதுவேன். போலீஸ் மீதான மனுவை மட்டும் பலர் எழுத மாட்டார்கள். என்னிடம் அனுப்பி வைப்பார்கள். அதனால் இந்த விஷயத்தை உங்கள் கோப்பு பார்ப்பதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ரொம்ப காலமாகப் பார்த்து வருகிறேன்.

அண்மையில் வந்த ஒரு மனுவைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், நிலையத்தின் பெயரும் வேண்டாம். ஓர் அம்மா. அவருடைய மகன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். பைக் திருட்டுச் சந்தேகம் என்று சாயங்காலம் கூட்டிப் போனார்கள். இரண்டு ராத்திரி கழித்து விட்டுவிட்டார்கள். எஃப்ஐஆர் இல்லை, சம்மன் இல்லை, கைது மெமோ இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வலது கையில் மாவுக்கட்டு மட்டும் இருந்தது. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, அதாவது காயம் எப்படி ஏற்பட்டது என்று எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்கிவரச் சொன்னேன். அதில் 'கீழே வழுக்கி விழுந்ததால் ஏற்பட்ட காயம்' என்று இருந்தது. அழைத்து வந்தவர் என்ற இடத்தில் ஒரு காவலரின் எண். பையனைக் கேட்டேன். டாக்டர் கேட்டபோது ஏட்டு பக்கத்திலேயே நின்றிருந்தார் என்றான். வழுக்கி விழுந்தேன் என்று சொன்னது அவன்தான், சொல்ல வைத்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மா முதலில் அதே நிலையத்துக்குத்தான் போனார். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடப் போட்டுத் தரவில்லை. அப்புறம் எஸ்.பி. ஆபீஸில் கொடுத்தோம். அங்கே ரசீது கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அவருக்கு போன் வந்தது. பேசியவர் அதே நிலையத்தின் ரைட்டர். "அம்மா, உங்க மனு இங்கதான் வந்திருக்கு. பையனையும் கூட்டிட்டு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." போனால் தாள் தயாராக இருந்தது. 'மேற்படி மனு தொடர்பாக மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' இதை எழுதிக் கொடுக்க யாரும் என்னிடம் வருவதில்லை. நிலையத்திலேயே இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

அவர் கையெழுத்துப் போடாமல் என்னிடம் திரும்பி வந்தார். சட்டப்படி மாவட்டக் காவல் புகார் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு எழுதலாம் என்றேன்.

"அதுல யாருண்ணே இருக்காங்க?"

"கலெக்டர் தலைவரும்மா. எஸ்.பி. உறுப்பினர்."

"அந்த எஸ்.பி. ஆபீஸ்லதானே மனு குடுத்தோம்? அங்கிருந்துதானே ஸ்டேஷனுக்கு வந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை கேட்பவரிடம் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் துறையின் வரலாற்றை யாராவது உங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. செயலாளர்கள் சில வருடங்களில் மாறிவிடுகிறார்கள். வேளாண்மையிலிருந்து இங்கே, இங்கிருந்து வருவாய்க்கு. ஆனால் இந்தத் துறையின் காவல் பிரிவு பிறந்ததே ஒரு சித்திரவதை அறிக்கையிலிருந்துதான்.

1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் தாசில்தார்தான் தாலுகாவின் போலீஸ் தலைவரும் ஆனார். வரி வசூலிப்பவரும் அவரே, ஆளைப் பிடித்து உள்ளே வைப்பவரும் அவரே. வரி கட்டாதவனின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பதற்குக் கிட்டி என்று பெயர். தலையைக் குனியவைத்துக் கால் பெருவிரலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இது பேச்சாகி, 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட ஆணையத்தைச் சென்னையில் அமைத்தார்கள். ஆணையத்தின் முன் சாட்சி சொல்ல நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்தவர்கள் இருந்தார்கள். 1855இல் வந்த அறிக்கை சித்திரவதை உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. வருவாயும் போலீசும் ஒரே கையில் இருப்பதுதான் அடிப்படைக் கோளாறு என்பது அதிலிருந்து எல்லோருக்கும் விளங்கிய விஷயம். 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் அப்படித்தான் வந்தது. தனி போலீஸ், தனித் தலைமை. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். 1861இல் வந்த இந்திய போலீஸ் சட்டத்துக்கே இரண்டு வருடம் முந்தியது நம்முடையது.

அந்த ஆணையத்தை நான் ரொம்பப் புகழவும் மாட்டேன். வெள்ளைக்கார கலெக்டர்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, எல்லாம் கீழ்மட்டச் சிப்பந்திகள் செய்தது என்று எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. ஏட்டையும் எஸ்.ஐ.யையும் சஸ்பெண்ட் செய்துவிட்டு, எஸ்.பி.யைக் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றும் இன்றைய நடைமுறைக்கு அப்போதே முன்னோடி இருந்திருக்கிறது. ஆனாலும் ஒன்றை அவர்கள் செய்தார்கள். தாசில்தார் கையில் இருந்ததைப் பிரித்தார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்கிறது? போலீஸ் மீதான புகாரை வருவாய் நிர்வாகத்தின் மாவட்டத் தலைவரான கலெக்டரிடமே கொண்டு போய் வைத்து, பக்கத்தில் எஸ்.பி.யையும் உட்கார வைக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கஷ்டப்பட்டுப் பிரித்ததை மறுபடி ஒட்டிவிட்டீர்கள்.

கலெக்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். குண்டர் சட்டத்தில் எஸ்.பி. பரிந்துரைத்து அனுப்பும் ஆளை உள்ளே வைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். திருவிழா, தேர்தல், மறியல், சாதிக் கலவரம் எதுவானாலும் எஸ்.பி. இல்லாமல் அவரால் ஓர் அடி நகர முடியாது. தினமும் ஒரே மேசையில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றிய புகாரை மற்றவர் தலைமையில், அந்த ஒருவரையும் உறுப்பினராக வைத்துக்கொண்டு விசாரிப்பதை எந்தக் கோர்ட்டிலாவது ஒத்துக்கொள்வார்களா?

உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று கொடுத்த தீர்ப்பு இதில் தெளிவாக இருக்கிறது. மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. பக்கத்து கேரளத்தில் ஓய்வு பெற்ற நீதிபதிகள்தான் அந்த இடத்தில் இருக்கிறார்கள். அங்கே ஒன்றும் காவல்துறை கலைந்து போய்விடவில்லை. நம்முடைய ஏற்பாட்டை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர்களில் முன்னாள் ஐ.ஜி. ஒருவரும் உண்டு. காக்கிச் சட்டை போட்டவருக்கே ஒப்பாத ஒன்றை மூட்டை தூக்குகிறவனின் தாய் எப்படி ஒப்புவார்?

சரி, துறையின் தலைமைக்கு வருகிறேன். இது உங்கள் ஒருவரைப் பற்றிய மடல் அல்ல.

1920க்குப் பிறகு வந்த இரட்டை ஆட்சியில் கல்வியையும் உள்ளாட்சியையும் நீதிக்கட்சி அமைச்சர்களிடம் கொடுத்த வெள்ளையர்கள் போலீசை மட்டும் கொடுக்கவில்லை. அது ஒதுக்கப்பட்ட துறை. ஆளுநரின் நிர்வாகக் குழுவில் ஓர் உள்துறை உறுப்பினர் அதைப் பார்ப்பார். முகமது உஸ்மான் இருந்தார், ஏ.டி. பன்னீர்செல்வம் இருந்தார். சட்டசபையில் கேள்வி கேட்கலாம், ஆனால் சபை அவர்களை இறக்க முடியாது. 1937இல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் போலீஸ் முதன்முதலாக வாக்கு வாங்கி வந்தவர்களுக்குக் கட்டுப்பட்டது. அந்த அரசு இந்தி எதிர்ப்பாளர்களைச் சிறையில் அடைத்தது; நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போதே நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள். எழும்பூரில் அவர்கள் பெயரில் அரசே ஒரு மாளிகை கட்டி வைத்திருக்கிறது. விடுதலைக்குப் பின் டாக்டர் சுப்பராயன் உள்துறையைப் பார்த்தார். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காமராஜர் அமைச்சரவையில் பக்தவத்சலம் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1957இல் கீழத்தூவலில் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

அப்புறம் பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் முதலமைச்சரே காவல்துறையைத் தன் கையில் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கட்சி மாறினாலும் இந்த வழக்கம் மாறவில்லை. தனி உள்துறை அமைச்சர் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இன்னொரு கார், இன்னொரு பங்களா, அவ்வளவுதான். ஆனால் முதலமைச்சர் கையிலேயே இருப்பதன் விளைவு ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் ஒருவர் செத்தால் அது உடனே முதலமைச்சரின் கௌரவப் பிரச்சினையாகிவிடுகிறது. அதனால் முதல் அறிக்கை எப்போதும் மறுப்பு அறிக்கை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பனும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, மூச்சுத் திணறல், காய்ச்சல் என்றுதான் அரசுத் தரப்பில் முதலில் சொன்னார்கள்.

அந்த வழக்கில் நடந்ததை உங்கள் அலுவலகத்தில் ஃபிரேம் போட்டு மாட்டி வைக்கலாம். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாமல் அல்ல. உண்மையைச் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். மதுரைக் கிளை நீதிபதிகள் கடைசியில் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கிருந்து பிரித்தோமோ அங்கேயே கொண்டு போய் ஒப்படைக்க வேண்டிய நிலை. அந்த மூன்று நான்கு நாளில் உள்துறை என்ன செய்துகொண்டிருந்தது?

அதற்குப் பிறகு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலையம் முழுக்க, லாக்கப், வராண்டா, வாசல் என்று எல்லா இடத்திலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. சரி, கேமரா வந்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியை நகை காணோம் என்ற புகாரில் பிடித்தபோது, அடித்தது காவல் நிலையத்தில் அல்ல. தனிப்படை அவரை வெளியே வைத்துத்தான் விசாரித்தது. 28ஆம் தேதி அவர் உயிரோடு இல்லை. அடிக்கிற காட்சி வெளியே வந்தது கூட ஒருவர் ஒளிந்திருந்து போனில் எடுத்ததால்தான். பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது, அனுமதி பெறாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு போட்டார். அனுமதி பெறாத படை என்று ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்திருக்கிறது என்பதை ஒருவர் செத்த பிறகுதான் உங்கள் துறை கண்டுபிடித்தது. எங்கள் மரத்தடியில் எல்லோருக்கும் தெரியும்.

உத்தரவு போடுவதில் உங்கள் துறைக்குக் குறையே கிடையாது. காவலர்களை அதிகாரி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை ஒழித்து 1979இல் அரசாணை போட்டார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் அதையே மறுபடி கேட்க வேண்டியிருந்தது. நடுவில் 43 வருடம் காவலர்கள் அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். காவலர்களைப் பற்றி இவ்வளவு எழுதும் நான் இதையும் சொல்ல வேண்டும். பந்தோபஸ்துக்குப் போய் மூன்று நாள் கல்யாண மண்டபத் தரையில் படுத்துவிட்டு வரும் பையன்கள் என்னிடம் மாறுதல் மனு எழுத வருகிறார்கள். பெண் காவலர்கள் சாலையோரத்தில் கழிப்பறை இல்லாமல் படும் பாடு எனக்குத் தெரியும். அவர்களுக்கும் புகார் சொல்ல அதே எஸ்.பி. ஆபீஸ்தான். நடுநிலையான ஆணையம் வந்தால் அவர்களும்தான் நிமிர்வார்கள்.

ஆணையங்களுக்கும் குறை கிடையாது. 1969இல் கோபாலஸ்வாமி, 1989இல் சபாநாயகம், 2006இல் பூரணலிங்கம், 2022இல் நீதிபதி சி.டி. செல்வம் என்று வரிசையாகப் போலீஸ் கமிஷன். சம்பளம், குடியிருப்பு, வாகனம் தொடர்பான பரிந்துரைகள் நிறைவேறுகின்றன, நல்லது. மக்கள் போலீசைக் கேள்வி கேட்பது பற்றிய பக்கங்களுக்கு மட்டும் என்ன ஆகிறது?

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னதும் நல்ல விஷயம். ஆனால் அது சென்னையில். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்று காலக்கெடு வேறு. கூலி வேலையை விட்டுவிட்டு, அடித்தவர் இன்னும் அதே நிலையத்தில் இருக்கும்போது, ஊரிலிருந்து சென்னைக்கு வாய்தாவுக்கு வாய்தா யார் போவார்கள்? அது இழப்பீடு பரிந்துரைக்கும். அந்த ஏட்டு நாளைக்கும் அதே தெருவில் ரோந்து வருவார். மாவட்டத்துக்கு ஓர் ஆணையம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் அர்த்தமே இதுதான்.

வெளியாள் வந்து விசாரித்தால் மட்டுமே உண்மை வரும் என்பதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலையடிவார ஊருக்குள் போயின. மக்களை அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். நடந்தது எதுவும் உண்மை இல்லை என்றுதான் அரசு அன்று சொன்னது. உயர் நீதிமன்றம் சிபிஐயைக் கொண்டுவந்த பிறகு, 269 பேர் மீது குற்றப்பத்திரிகை. 2011இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. அதில் 84 பேர் காவல்துறையினர், ஐந்து பேர் வருவாய்த்துறையினர். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைக்கு இந்தப் புகாரை விசாரிக்க கலெக்டரும் எஸ்.பி.யும் கொண்ட ஆணையம் மட்டும் இருந்திருந்தால் கோப்பு 1992இலேயே மூடப்பட்டிருக்கும். மூன்று துறையும் ஒரே ஜீப்பில் போன ஊர் அது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இது முதலமைச்சருக்கும் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும். நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகளை அடித்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தச் சிறைவாசத்தில் பட்டதிலிருந்து மீளாமலே இறந்தார். அப்போது என்ன கேட்டார்கள்? கலெக்டரை வைத்து, சிறை அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து விசாரித்தால் போதும் என்றா? நீதிபதி மு.மு. இஸ்மாயில் விசாரித்தார். அந்த அறிக்கையை மேடைக்கு மேடை எடுத்துக் காட்டுகிறார்கள், காட்ட வேண்டியதுதான். தூத்துக்குடியில் 2018 மே மாதம் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தபோது நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அமைத்தீர்கள். ஊரே கொந்தளித்தால் நீதிபதி, தலைவர்கள் அடி வாங்கினால் நீதிபதி, மூட்டை தூக்குகிறவன் தனியாக அடி வாங்கினால் கலெக்டரும் எஸ்.பி.யும். இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

நீங்கள் தலைவராக இருக்கும் துறையின் பெயரிலேயே மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் இருக்கின்றன. டாஸ்மாக் கடை நடத்துவதும் கள்ளச்சாராயம் பிடிப்பதும் ஒரே துறை. கூடவே சிறை, தீயணைப்பு, தடய அறிவியல் எல்லாம். இத்தனைக்கும் நடுவில், உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் மீது வரும் புகாரை நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேட்க உங்களுக்கு நேரம்தான் எங்கே இருக்கிறது? இந்தப் பதவியை விட்டுக்கொடுப்பது உங்களுக்கு இழப்பே இல்லை.

இந்தத் துறையால் நல்லது செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, ஸ்டேஷன் படி மிதிக்கவே பயந்த பெண்கள் போகத் தொடங்கினார்கள். அதைச் செய்ய உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. இந்த மாநிலம் தானாகவே செய்தது. இதற்கு மட்டும் ஏன் தயக்கம்?

ஆகவே கேட்கிறேன்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள். மாநில ஆணையத்திலிருந்து நீங்களும் டிஜிபியும், மாவட்ட ஆணையத்திலிருந்து கலெக்டரும் எஸ்.பி.யும் விலக வேண்டும். பிரகாஷ் சிங் தீர்ப்பு சொன்னபடி ஓய்வு பெற்ற நீதிபதிகள் வரவேண்டும். ஆணையத்துக்கென்று தனி விசாரணை ஆட்கள் வேண்டும், நிலையத்து எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு அறிக்கை கேட்கும் ஆணையம் வேண்டாம். சட்டத் திருத்தம் அடுத்த கூட்டத்தொடருக்குள் முடியாது என்றால், அதுவரை யார் மீது மனுவோ அவர் வேலை செய்யும் நிலையத்துக்கோ அதே சப் டிவிஷனுக்கோ அந்த மனுவை அனுப்பக் கூடாது என்று இந்த வாரமே ஒரு சுற்றறிக்கை போடலாம். அதற்குச் சட்டசபை தேவையில்லை, உங்கள் கையெழுத்து போதும்.

'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று நிலையத்தில் வைத்து எழுதி வாங்கிய எந்தத் தாளையும் மனுவை முடிக்கும் ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று அதே சுற்றறிக்கையில் சேருங்கள். காவலில் இருந்தவரை மருத்துவர் பார்க்கும்போது அழைத்து வந்த காவலர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். சுகாதாரத் துறையோடு பேசி இதை எழுத்தில் கொண்டுவாருங்கள். ஏ.ஆர். காப்பியில் யார் முன்னிலையில் சொன்னது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி மாவுக்கட்டு குறையும்.

ஒவ்வொரு ஆண்டும் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை ஜீப் வாங்கினோம் என்பதோடு, மாவட்டவாரியாகப் புகார் ஆணையங்களுக்கு வந்த மனு எத்தனை, எத்தனையில் காவலர் மீது நடவடிக்கை, எத்தனையை எந்தக் காரணத்தால் மூடினீர்கள் என்பதையும் அச்சிடுங்கள். எல்லா போலீஸ் கமிஷன் அறிக்கைகளையும் தமிழில், முழுதாக, யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிடுங்கள். 18 மாதப் பதிவு ஒவ்வொரு நிலையத்திலும் உண்மையில் இருக்கிறதா என்று வெளியாரை வைத்துச் சோதித்து, இல்லாத நிலையங்களின் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால் நேராக எழுதுங்கள். 'உரிய நடவடிக்கைக்காக' என்று மேலொப்பமிட்டு எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவன்